யார் கை, யார் முடிவு?

தடுப்பூசிக்குப் பிள்ளையைக் காட்டாத பெற்றோர் யார் என்று கேட்டால், படித்தவர்களும் அதிகாரிகளும் சட்டென்று சேரிப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். அறியாமை, மூடநம்பிக்கை, ‘அம்மா வந்திருக்கா’ என்று வேப்பிலையைச் செருகிவிட்டு உட்கார்ந்துவிடுகிற சனங்கள் என்று ஒரே மூச்சில் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் நம் பக்கத்தில் தடுப்பூசி வந்த வரலாற்றைப் புரட்டினால் வேறொரு சங்கதி தெரிகிறது. மறுப்பு எல்லாச் சாதியிலும் இருந்திருக்கிறது. மேல்சாதிக்காரர் மறுத்தால் அது சமய உணர்வு, கொள்கை. சேரிக்காரி மறுத்தால் அது அறியாமை. ஒரு மறுப்புக்குப் பதில் சொன்னார்கள். இன்னொரு மறுப்புக்கு ஆள் அனுப்பினார்கள்.

மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டது 1798 இல். அன்றைக்கு ஐஸ்பெட்டி ஏது? அம்மைப்பாலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் வெயிலில் கெட்டுப்போகும். அதனால் பிள்ளைகளின் உடம்பையே குப்பியாக்கினார்கள். ஒரு பிள்ளையின் கையைக் கீறி அம்மைப்பாலை வைப்பது. எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் கட்டியதும் அதிலிருந்து நீரெடுத்து அடுத்த பிள்ளைக்கு வைப்பது. 1803 இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு இப்படிக் கொண்டுபோனபோது கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் அனாதைப் பிள்ளைகள். இந்தியாவில் முதலில் குத்துப்பட்டது பம்பாயில், 1802 ஜூன் 14 அன்று, அன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுக் குழந்தை. அதுவும் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். அந்தக் கையிலிருந்து கைமாறிக் கைமாறித்தான் சென்னைக்கும் வந்தது.

ஊருக்கு ஊர் அம்மைப்பாலைச் சுமந்துபோகப் பிள்ளைகள் வேண்டியிருந்தது. கொப்புளத்தோடு இருக்கும் பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பி, அந்தப் புண்ணை மறுபடி கீறவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? வசதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். காசைக் காட்டியோ மிரட்டியோ ஏழைகளின் பிள்ளைகளையும் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளையும் பிடித்தார்கள். அதற்குப் பிறகு வந்தது அடுத்த கூத்து. பறையர் பிள்ளையின் கையில் ஊறிய நீர் தங்கள் உடம்பில் ஏறினால் தீட்டு என்று மேல்சாதியினர் முகம் சுளித்தார்கள். உயிர் காக்கிற மருந்துக்கும் சாதி பார்த்தார்கள்!

வெள்ளைக்கார அரசாங்கம் அந்த முகச்சுளிப்பை எப்படி எதிர்கொண்டது? சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், பசுவின் அம்மையைத் தெய்வம் தந்த கொடையாகக் காட்டி ஒரு புராணக் கதையே கட்டினார். மேல்சாதி மனசு கோணாமல் இருக்கப் புதுப் புராணம். கையைக் கீறக் கொடுத்த சேரிப்பிள்ளையின் அப்பன் ஆத்தாளுக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல எந்தப் புராணமும் எழுதப்படவில்லை. இதுதான் நான் சொல்ல வருகிற வித்தியாசம்.

பிறகு 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் கன்றுக்குட்டியின் உடம்பில் அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியது. கிண்டி கிங் நிலையம் அதைத் தயாரித்து மாகாணம் முழுக்க அனுப்பியது. கன்றை வதைப்பதாகச் சிலர் குறை சொன்னாலும், சாதித் தீட்டு என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகு இடமில்லை. நம் பிள்ளைகளின் கைகளும் வரலாற்றிலிருந்து மறைந்துபோயின.

வேப்பிலை கட்டிய நம் பாட்டிமார் ஊசியை விரட்டினார்களா? பெரியம்மைக்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. வந்தவரைத் தனியே படுக்கவைத்து, உடம்பைக் குளிர வைத்து, வெளியாள் வராமல் பார்த்துக்கொள்வதைத் தவிர ஆங்கில மருத்துவரும் அதிகமாக எதையும் செய்திருக்க முடியாது. நம் ஆட்கள் ‘அம்மா’ என்ற பேரில் செய்ததும் அதைத்தான். கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பக்கத்துப் பெருசுகளின் கையைப் பாருங்கள். மேல்கையில் காசு அளவு வட்டத் தழும்பு இருக்கும். ஆடி மாசத்தில் அதே கைதான் கூழ் ஊற்றியது. அதே கைதான் திருவேற்காட்டுக் கருமாரியைக் கும்பிட்டது. ‘ஊசியும் போட்டுக்கினோம், ஆத்தாளையும் வுடல’ என்பார்கள். ஊசி வேறு, சாமி வேறு என்று பிரித்துச் சண்டைபோட்டது அவர்கள் அல்ல. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றியில் கையை நீட்டிய கோடிக்கணக்கான கூலிக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்து காசநோய்க்கான பி.சி.ஜி. அதற்காக 1948 இல் கிண்டியில் ஒரு தயாரிப்புக்கூடம் வந்தது. 1955 இல் அந்த ஊசியை எதிர்த்து வெளிப்படையாக எழுதியும் பேசியும் இயக்கம் நடத்தியவர் ராஜாஜி. முன்னாள் கவர்னர் ஜெனரல், முன்னாள் முதலமைச்சர். அவரை அறியாதவர் என்று யாரும் சொல்லவில்லை; அரசாங்கம் அவருக்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. அவருடைய வாதம் சரியா தப்பா என்பது வேறு. கேள்வி கேட்க அவருக்கு இருந்த இடம் நமக்கு இருந்ததா?

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் கொரட்டூரும் இருந்தது. அந்த மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில் 1968 இல் தொடங்கி பி.சி.ஜி. பற்றிய பெரிய சோதனை நடந்தது. ஏறத்தாழ 3 லட்சத்து 60 ஆயிரம் பேர் உள்ள ஊர்கள். ஊரும் சேரியும் சேர்ந்துதான். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அறிவியல் சோதனைக்கு அப்படித்தான் செய்யவேண்டும். 1979 இல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. உலகமே திடுக்கிட்டது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் மாதிரியான கொடிய காசநோயைத் தடுக்கிறது என்பதால்தான் பிறந்தவுடன் போடும் ஊசியாக இன்றும் அது தொடர்கிறது. உலகத்துக்கு இந்த அறிவைக் கொடுத்தவை இந்த மண்ணின் கைகள். மருத்துவப் புத்தகங்களில் நிற்பதோ ‘செங்கல்பட்டு’ என்ற ஊர்ப்பெயர் மட்டும்.

2008 ஏப்ரல் 23 அன்று அதே திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட கைக்குழந்தைகளில் 4 பேர் இறந்துபோனார்கள். உலகம் முழுக்கப் பல்லாண்டுகளாகப் போட்டு, லட்சக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய ஊசி அது. அதை நம்பிக் கொண்டுபோன தாய்மார்களின் மடி காலியானது. அரசாங்கம் எடுத்த முடிவு என்ன? இனி அங்கன்வாடியிலும் தெருவிலும் ஊசி கிடையாது. டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பாதுகாப்புக்குத்தான். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான கூலியைக் கொடுத்தது யார்? பஸ் இல்லாத ஊரிலிருந்து நடந்து வந்தவள், ஒருநாள் கூலியை விட்டவள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட பிள்ளைகள் 2005-06 இல் 100க்கு 81 பேர். 2015-16 இல் 70 ஆக இறங்கியது. இறங்கியதற்குக் காரணம் பல இருக்கலாம். வாசலுக்கு வந்த ஊசி தூரமாகிப்போனதை ஒதுக்கிவிட்டுப் பேசமுடியாது. 2019-21 கணக்கில் அது 89 ஆக ஏறியது. இந்த சனங்கள் ஊசிக்கு எதிரிகள் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் வந்தது. தமிழ்நாட்டில் 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். ஊசியைப் பற்றிய வதந்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. தனியார் பள்ளிக்கூடத்துப் பெற்றோரும் தயங்கினார்கள். அதிகாரிகள் பேட்டி கொடுத்தார்கள், விளக்கினார்கள், கெடுவை நீட்டினார்கள். செய்யவேண்டியதுதான். அந்தப் பொறுமையைத்தான் சேரிக்கும் காட்டுங்கள் என்கிறோம்.

கொரட்டூரில் வீட்டுவேலைக்கும், எஸ்டேட் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிக்கும் போகிற ஒரு தாய் எப்படி முடிவெடுக்கிறாள்? புதன்கிழமை ஊசி. போட்டால் ராத்திரி காய்ச்சல் அடிக்கும். ‘வியாழக்கெழம லீவு போட்டா அந்த வூட்டம்மா நிறுத்திடும். கொழந்தைய யாரு பாக்கறது? போன தபா கால் வீங்கிச்சின்னு கேட்டேன், உனக்கு இன்னா தெரியும்னு நர்சம்மா கத்துச்சி.’ இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? கூலி, காய்ச்சல், அவமானம் மூன்றையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிற அறிவுதான் இருக்கிறது. அவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலும் ஊசிப் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஏனென்றால் தட்டம்மை வந்தால் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டக் காசில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஊசி வேண்டாம் என்பதல்ல நம் பேச்சு. ஊசி நம் பிள்ளைகளின் உரிமை; போடாமல் விட்டால் முதலில் சாவது நெருக்கமான குடிசையில் கிடக்கிற நம் பிள்ளைதான். இருநூறு வருசமாக நம்மிடம் கையை நீட்டு என்று மட்டுமே சொன்னார்கள். இனி என்ன ஊசி, எதற்கு, என்ன செய்யும், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று உட்காரவைத்துச் சொல்லவேண்டும். கூலி போகாத நேரத்தில் ஊசி வேண்டும். காய்ச்சல் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். அமைப்பில் இருக்கிற தோழர்கள் அடுத்த புதன்கிழமை நம் தெருப் பெண்களோடு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அவர்கள் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.