'வெரி' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் வழக்கும்

'வெரி' என்பது பெயரடைக்கும் வினையடைக்கும் முன் நின்று அவற்றின் அளவைக் கூட்டும் ஆங்கில வினையடை ஆகும். விடைத்தாளில் சிவப்பு மையால் 'வெரி குட்' என்று எழுதப்படுவதால், ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு மிக விரைவில் அறிமுகமாகிவிடும் சொல் இது. 'மிக', 'ரொம்ப' என்று பொருள் சொல்லிவிட்டு வகுப்பு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். சிக்கல் பிறகுதான் வருகிறது. 'தி வெரி புக்' என்ற தொடரை 'மிகப் புத்தகம்' என்று பெயர்க்க முடியாது. 'வெரி பெட்டர்' தவறு, 'தி வெரி பெஸ்ட்' சரி என்கிறார்கள். 'ஐ வெரி லைக் இட்' என்றும் சொல்லக்கூடாது. மாணவர்கள் இவற்றைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இச்சொல்லின் பழைய பொருளைத் தெரிந்துகொண்டால் இவற்றுள் பல தாமே விளங்கும். 'வெரி' தொடக்கத்தில் மிகுதியைக் குறிக்கவில்லை. 'உண்மையான' என்பதே அதன் பொருள்.

பிறப்பு

இலத்தீனில் 'வேருஸ்' என்றால் உண்மையானது. அதன் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல் 'வெராய்'. இன்றைய பிரெஞ்சிலும் 'வ்ரே' என்றால் உண்மை என்றே பொருள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவை, நீதிமன்றம், திருச்சபை ஆகியவற்றின் வழியே பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் பெருமளவில் நுழைந்தன. அவற்றோடு 13ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது இச்சொல். அதன் உறவினர்கள் இன்றும் பழைய பொருளோடு வாழ்கிறார்கள். 'வெர்டிக்ட்' என்னும் தீர்ப்பு, மூலப் பொருளில் 'உண்மை உரை'. வேலைக்குத் தேர்வானவர்கள் சான்றிதழ்களோடு வரிசையில் நிற்கும் 'வெரிஃபிகேஷன்' என்பது உண்மையா என்று பார்ப்பது. பழைய ஆங்கில விவிலியத்தில் வரும் 'வெரிலி' என்பதற்குத் தமிழ் விவிலியம் 'மெய்யாகவே' என்று எழுதியது மிகப் பொருத்தமானது.

அதற்கு முன் 'மிக' என்பதற்கு ஆங்கிலேயர் என்ன சொன்னார்கள்? பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வீதெ' என்ற சொல் இருந்தது. வலிமை என்ற பொருளிலிருந்து வந்த அது பின்னர் வழக்கொழிந்தது. 'ஃபுல்', 'ரைட்', 'வெல்', 'சோர்' ஆகியனவும் அந்த வேலையைச் செய்தன. 'சோர்' என்றால் வலி. அதன் இனச்சொல்லான 'ஸேர்' என்பதைத்தான் ஜெர்மானியர் இன்றும் 'மிக' என்ற பொருளில் வழங்குகின்றனர். 'ஃபுல்' என்றால் நிறைந்த. தமிழர்க்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் 'ரொம்ப' என்பதும் 'நிரம்ப' என்பதன் மரூஉதான்.

இப்பழஞ்சொற்கள் முற்றிலும் மறையவில்லை. 'நன்றாகவே தெரியும்' என்பதற்கு 'நோ ஃபுல் வெல்' என்ற தொடர் இன்றும் உண்டு. 'ரைட்' பட்டங்களில் தங்கிவிட்டது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, ஆங்கிலப் பேச்சால் உலகப் புகழ் பெற்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1921இல் பிரிவி கவுன்சில் உறுப்பினரானபோது 'ரைட் ஆனரபிள்' ஆனார். அதைத் தமிழில் 'மகாகனம்' என்று எழுதினர். 'ரைட்' என்பதைச் 'சரியான' என்று கொள்ளாமல் 'மகா' என்று பெயர்த்தவர் யாராயினும் பாராட்டுக்குரியவர். நன்னூல் கூறும் மிகுதி உணர்த்தும் உரிச்சொற்களும் இப்படியே. 'சால' என்பதைத் தனியே எவரும் பேசுவதில்லை. 'சாலச் சிறந்தது' என்னும் தொடரில் மட்டும் அது பிழைத்திருக்கிறது.

பொருள் மாறிய விதம்

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஒரு வீரன் வருகிறான். அவனைக் குறிக்கும் அடைகளில் 'வெரி' என்பதும் 'குறையற்ற' என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'உண்மையான, குறையற்ற வீரன்' என்பது கருத்து. இக்காலத்தவர் இடையில் காற்புள்ளியைக் கவனிக்காமல் படித்தால் 'மிகவும் குறையற்ற வீரன்' என்றாகிவிடும். பொருள் மாற்றம் நிகழ்ந்த இடமும் இதுபோன்றதுதான். பெயரடைக்கு முன்னால் நின்ற 'உண்மையான', நாளடைவில் பெயரை விட்டு, அருகிலிருந்த பெயரடையோடு ஒட்டிக்கொண்டது. 'உண்மையாகவே நல்லவன்' என்று அடிக்கடி சொல்லச் சொல்ல, உறுதி தேய்ந்து 'மிக நல்லவன்' என்ற அளவு மட்டும் மிஞ்சியது. பிற்காலத்தில் 'ரியலி' என்ற சொல்லும் இதே வழியில் நடந்தது.

ஆயினும் பழைய பொருள் உடனே மறைந்துவிடவில்லை. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில், கண் மங்கிய ஈசாக்கின் முன் யாக்கோபு தன் அண்ணன் ஏசாவைப் போல நடித்து நிற்கிறான். கிழவருக்கு ஐயம். அருகில் வரச்சொல்லித் தடவிப் பார்க்க விரும்புகிறார். அவர் கேள்வியில் 'மகன்' என்பதற்கு முன் 'வெரி' நிற்கிறது. 'மிக' என்று கொண்டால் அங்கே பொருளே இல்லை. 'நீ மெய்யாகவே ஏசாதானா?' என்பதே கேள்வி. ஆசீர்வாதம் யாருக்குப் போகும் என்பது அந்தச் சொல்லில் தொங்குகிறது.

இன்றைய வழக்கு

'தி வெரி புக்' என்பது 'அதே புத்தகம்', 'அந்தப் புத்தகமேதான்'. 'தி வெரி நெக்ஸ்ட் டே' என்பது 'மறுநாளே'. இங்கெல்லாம் நிற்பது பழைய 'வெரி'. தமிழில் 'தான்' என்ற இடைச்சொல்லும் ஏகாரமும் செய்யும் வேலையை அது செய்கிறது. 'தி வெரி பெஸ்ட்' என்பதும் அவ்வகைதான்: அளவைக் கூட்டவில்லை, சிறந்தது இதுவே என்று உறுதி சொல்கிறது.

'பெட்டர்' போன்ற ஒப்புநிலைச் சொற்கள் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காட்டுவன. இடைவெளியை அளக்க 'மச்' வேண்டும். எனவே 'மச் பெட்டர்'. வினைச்சொல்லுக்கும் 'வெரி' நேராகப் பொருந்தாது. அது பெயரடைகளின் பக்கத்தில் வளர்ந்த சொல். 'ஐ லைக் இட் வெரி மச்' என்று 'மச்' துணையோடுதான் வர வேண்டும்.

எதிர்மறையில் ஒரு கண்ணி உண்டு. 'நாட் வெரி குட்' என்ற குறிப்பைப் படிக்கும் நம் மாணவர் 'மிக நன்று இல்லை, ஆனாலும் நன்று' என்று மகிழ்கிறார். எழுதிய ஆங்கிலேயர் பெரும்பாலும் 'நன்றாக இல்லை' என்பதையே நாகரிகமாகச் சொல்லியிருப்பார்.

இன்னும் பரவலான குழப்பம் 'டூ' என்பதோடு வருவது. 'டூ' அளவு மீறியதைக் குறிக்கும். 'காப்பி வெரி ஹாட்' என்றால் குடிக்கலாம். 'டூ ஹாட்' என்றால் ஆற்ற வேண்டும். பள்ளியில் 'டூ... டு' வாக்கியத்தை 'ஸோ... தட்' வாக்கியமாக மாற்றும்போது எதிர்மறை வந்து சேர்வதும் இதனால்தான். அப்பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவரே, வெளிநாட்டு மேலாளரிடம் ஒரு திட்டத்தை 'டூ பிக்' என்று புகழ்ந்தால், அவர் அதைக் கைவிடச் சொல்வதாகவே புரிந்துகொள்வார். 'யூ ஆர் டூ கைண்ட்' என்ற நன்றியுரை விதிவிலக்குப் போலத் தோன்றும். ஆனால் அங்கும் பொருள் அதுவே. 'என் தகுதிக்கு மீறிய அன்பு காட்டுகிறீர்கள்' என்று அது சொல்கிறது.