அடக்கி வாசிக்கும் ப்ராசஸர்

மழை வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். சிவகாசிக்காரர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் காயவைத்த சரக்கைப் பார்ப்பார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றுக்குமே காய்ந்த காற்று வேண்டும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்கு ஊரில் இலவசமாகக் கிடைத்த முதலீடு வெயில். விவசாயத்துக்குக் கைகொடுக்காத வானம், குச்சி காயவைக்கக் கைகொடுத்தது.

அந்த வெயிலுக்கு ஆகாத ஒரு சாமான் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கம்ப்யூட்டர்.

விருதுநகரோ, சாத்தூரோ, சிவகாசியோ, கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிற எந்தப் பையனையும் கேளுங்கள். புகார் ஒன்றுதான். "திக்கித் திக்கி ஓடுதுண்ணே." அதற்கு வருகிற பதிலும் ஒன்றுதான். "பவர் ஆப்ஷன்ஸ்ல போய் ஹை பெர்ஃபார்மன்ஸ் வைடா, பறக்கும்."

பறக்குமா? சில சமயம் பறக்கும். பல சமயம் ஒன்றுமே ஆகாது. சித்திரை வெயிலில் நிலைமை இன்னும் மோசமாகக்கூடும். ஏன் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாற்பது வருடக் கதை இது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது இன்டெல் 8088 சில்லு. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு கேம் எழுதியவர்களில் பலர், எல்லா மெஷினும் இதே வேகத்தில்தான் ஓடப்போகிறது என்று நம்பி எழுதினார்கள். ப்ராசஸர் இத்தனை சுற்று சுற்றினால் எதிரி ஒரு அடி நகர்வான் என்பது மாதிரி கணக்கு. 1984-ல் 6 மெகாஹெர்ட்ஸ் மெஷின் வந்தது. அப்புறம் 8, 10, 12. பழைய கேமைப் போட்டால் எதிரி கண்மூடித்தனமாகப் பாய்ந்தான். ஆட முடியவில்லை.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டர்போ பட்டன். அந்தக் காலத்து கேபினெட்களைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்பக்கம் ஒரு பட்டன், பக்கத்தில் சின்ன விளக்கு. பெயர்தான் டர்போ. வேகத்தைக் கூட்டுவதற்கல்ல, பழைய கேமும் புரோகிராமும் ஓடுவதற்காக வேகத்தைக் குறைப்பதற்குத்தான் அது தேவைப்பட்டது. ஆக, கேமுக்காக ப்ராசஸரின் வேகத்தில் கைவைக்கிற பழக்கம், வேகத்தைக் குறைப்பதில்தான் ஆரம்பித்தது!

அடுத்து வந்த பிரச்னை சூடு.

ஒரு ப்ராசஸர் வேலை செய்யும்போது சாப்பிடுகிற மின்சாரத்துக்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு. ஆனால் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்கு. அதாவது, சிக்கனம் பண்ண வேண்டுமென்றால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் வோல்டேஜ்.

இதை வைத்து 1992-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் முதல் பெயர் ஆனந்தா சந்திரகாசன். சென்னையில் பிறந்தவர், அப்போது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். வோல்டேஜைக் குறைத்துவிடு, அதனால் வேகம் குறைந்தால் பரவாயில்லை, ஒரே வேலையைப் பலபேரிடம் பிரித்துக் கொடு என்பது அந்தக் கட்டுரை காட்டிய வழிகளில் முக்கியமானது. குறைந்த மின்சாரத்தில் சில்லு வடிவமைப்பது என்ற துறைக்கே அது அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்றானது. அதே சந்திரகாசன்தான் 2025 ஜூலையில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு ப்ரோவோஸ்ட் ஆனார்.

காகிதத்தில் இருந்த கணக்கு கடைக்கு வந்தது 2000 ஜனவரியில். இன்டெல் தன் லேப்டாப் பென்டியம் 3-ல் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற வித்தையைச் சேர்த்தது. கரண்ட்டில் செருகியிருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பேட்டரிக்கு மாறினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் குறைந்தது 23 சதவிகிதம். மின்செலவு குறைந்தது கிட்டத்தட்ட 45 சதவிகிதம். காலணா விட்டுக்கொடுத்து அரையணா மிச்சம் பிடிப்பதை எந்த வியாபாரி வேண்டாமென்பார்? அதே வாரத்தில் டிரான்ஸ்மெட்டா என்ற கம்பெனியும் தன் குரூசோ சில்லில் இதைவிட நுணுக்கமான வித்தையை அறிவித்தது. லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை பார்த்தார்.

ஆனால் டெஸ்க்டாப் உலகம் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. அங்கே வேகம்தான் விளம்பரம். 2001-ல் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார். இப்படியே போனால் சில்லின் சூடு அடர்த்தியில் அணு உலையைத் தொடும், ராக்கெட் வாயைத் தொடும், கடைசியில் சூரியனின் மேற்பரப்பைத் தொடும் என்று. மூன்றே வருடத்தில் சுவர் வந்தது. 2004-ல் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, ஒன்றரை ஃபேன் அளவுக்கு மின்சாரம் விழுங்கி, 115 வாட்டில் கொதித்தது. 4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், அந்த அக்டோபரில் திட்டத்தையே கைவிட்டது. தலைமை அதிகாரி க்ரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் சந்திரகாசன் வழிக்கு வந்தார்கள். ஒரு ப்ராசஸருக்குள் இரண்டு கோர், நான்கு கோர். வேலை இல்லாதபோது வேகத்தைக் குறை. ஏ.எம்.டி. இதற்கு ஏற்கெனவே 'கூல் அண்ட் கொயட்' என்று பெயர் வைத்திருந்தது.

இங்கேதான் கேம்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

2005-ல் ஏ.எம்.டி.யின் இரண்டு கோர் ப்ராசஸர்கள் வந்தன. சில கேம்கள் நேரத்தைக் கணக்கிட, ப்ராசஸருக்குள் இருக்கும் எண்ணியை நேரடியாகப் படித்தன. மின்சிக்கனத்துக்காகக் கோர்களின் வேகம் மாறி மாறி ஓடியதில் இரண்டு எண்ணிகளும் இரண்டு நேரம் காட்டின. திரையில் காட்சி துள்ளியது, தடுக்கியது. கடைசியில் ஏ.எம்.டி.யே அதைச் சரிக்கட்ட ஒரு மென்பொருளைத் தனியாக வெளியிட்டது. 1984-ல் வந்த அதே வியாதி, இருபது வருடம் கழித்து வேறு வேஷத்தில்!

2017-ல் இன்னொரு முறை. ஏ.எம்.டி. மார்ச்சில் ரைஸன் ப்ராசஸரைக் கொண்டுவந்தது. விண்டோஸின் 'பேலன்ஸ்டு' அமைப்பில் சில கேம்கள் சோர்ந்து ஓடின. காரணம், விண்டோஸ் சில கோர்களைத் தூங்கவைத்துவிட்டு, தேவைப்படும்போது எழுப்பத் தாமதித்தது. கேமில் நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 17 மில்லிசெகண்டுகூட இல்லை. அதற்குள் கொட்டாவி விட்டு எழுந்திருக்க நேரம் ஏது? ஏப்ரலிலேயே ஏ.எம்.டி. தன் சொந்த பவர் பிளானை வெளியிட்டது. "ஹை பெர்ஃபார்மன்ஸ் வை" என்ற அறிவுரைக்கு உண்மையான அடிப்படை உண்டு என்றால், அது இந்த மாதிரி சம்பவங்கள்தான்.

ஆனால் அந்த அமைப்பு உண்மையில் என்ன செய்கிறது? பலர் நினைப்பதுபோல் ப்ராசஸரின் உச்ச வேகத்தைக் கூட்டுவதில்லை. இரண்டு அமைப்பிலும் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 சதவிகிதம்தான். மாறுவது 'மினிமம்'. பேலன்ஸ்டில் வழக்கமாக 5 சதவிகிதம், ஹை பெர்ஃபார்மன்ஸில் 100. அதாவது குதிரை இன்னும் வேகமாக ஓடப்போவதில்லை, நிற்கவேண்டிய நேரத்திலும் நிற்காது. அவ்வளவுதான். 2015-க்குப் பிறகு வந்த ப்ராசஸர்கள் பல, எப்போது எழுந்திருப்பது என்பதைத் தாங்களே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்துவிடுகின்றன. அவற்றில் இந்த மாற்றத்தால் கிடைக்கிற லாபம் ரொம்பக் குறைவு.

நஷ்டமும் வரலாம். 2008-ல் இன்டெல் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தது. டர்போ பூஸ்ட்! இந்த முறை நிஜமாகவே வேகம் கூட்டுகிற டர்போ. பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். மொத்த சூட்டுக்கு ஒரு பட்ஜெட். சில கோர்கள் தூங்கி மிச்சம் பிடித்தால், அந்த மிச்சத்தை உழைக்கிற கோர் எடுத்துச் செலவழிக்கும். எல்லாக் கோர்களையும் தூங்கவிடாமல் அடித்து உட்காரவைத்தால், பல ப்ராசஸர்களில் அந்த உச்ச வேகம் வரவே வராது. சிக்கனம்தான் வேகத்துக்கே முதல்!

இப்போது சிவகாசி வெயிலுக்கு வருவோம். 95 டிகிரியில் ஒரு ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. போட்ட 22 டிகிரி அறையில், சூடு வெளியேற 73 டிகிரி இடைவெளி இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி அறையில் அது வெறும் 57. அதே மின்விசிறி, அதே மெஷின், ஆனால் வெளியே தள்ள முடிகிற சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. குளிர்தேசத்து அறையில் உட்கார்ந்து எழுதிய அறிவுரை இங்கே எடுபடாததற்கு இதுதான் காரணம். லேப்டாப்பில் இன்னும் கஷ்டம். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் சில்லும் பெரும்பாலும் ஒரே குழாய், ஒரே விசிறியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் படுத்துவிடும்.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் தலைகீழாக ஒன்று செய்கிறார்கள். 'மேக்ஸிமம்' என்பதை 100-லிருந்து 99 ஆக்குகிறார்கள். பல லேப்டாப்களில் அந்த ஒரு சதவிகிதம் டர்போவையே நிறுத்திவிடும். உச்ச வேகம் போகும், சூடு இறங்கும், கேம் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடும். எல்லா மெஷினுக்கும் இது பொருந்தாது. ப்ராசஸரை அதிகம் வேலை வாங்குகிற கேமில் வேகம் குறையவும் செய்யும். ஆனால் செலவில்லை, பிடிக்காவிட்டால் மறுபடி 100.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியவை சில உண்டு. சார்ஜரைச் செருகி ஆடுங்கள். விசிறியில் அடைத்த தூசியை எடுங்கள். லேப்டாப்பை மெத்தையில் வைக்காதீர்கள். சூட்டைக் காட்டுகிற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஆடும்போது எத்தனை டிகிரி என்று பாருங்கள். சூடு குறைவாக இருந்தும் திக்கினால், அப்போது ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. சூடு உச்சத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சும்மா ஒரு விளையாட்டுக்கு இத்தனை கணக்கா என்று கேட்கலாம். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மட்டும் தமிழகத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்கு லேப்டாப் போனது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர், ஒரே கம்ப்யூட்டர். அக்கா படிக்க, தம்பி ஆட, அப்பா பில் போட எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கொதித்துச் செத்தால் இன்னொன்று வாங்க எல்லா வீட்டிலும் காசு இருக்காது.

பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் கை நிதானமாகிவிட வேண்டும் என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒழுங்கு. ப்ராசஸர் விஷயத்தில் உயிர் ஆபத்து இல்லை, பணம்தான். ஆனால் நியாயம் அதேதான். மே மாதம் கேம் ஆடுகிறவர்கள் விடியற்காலையில் ஆடிப் பாருங்கள். எந்த செட்டிங்கையும் தொடாமலே நன்றாக ஓடும்.