தோல்வியில் பிறந்த இரு பள்ளிகள்: பிரான்சும் ஜெர்மனியும் கூட்டுப் படிப்புக்கு வந்து சேர்ந்த வழி

பாரிஸின் சியான்ஸ் போவும் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகமும் இன்று சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பை நடத்துகின்றன. சர்வதேச உறவுகளைப் பாடமாக எடுக்கும் மாணவர் ஓராண்டு பாரிஸிலும் ஓராண்டு பெர்லினிலும் படிக்கிறார். முடிவில் இரு நாட்டுப் பட்டங்களும் அவர் கைக்கு வருகின்றன. ஐரோப்பாவில் இத்தகைய ஏற்பாடுகள் இப்போது ஏராளம். ஆனால் இந்த இரு நிறுவனங்களின் பிறப்பைத் தேடிப் போனால், இது சாதாரணச் செய்தி அல்ல என்பது தெரியும். பாரிஸ் பள்ளி ஜெர்மானியரிடம் தோற்ற பிறகு தொடங்கப்பட்டது. பெர்லின் நிறுவனத்தின் முன்னோடியோ, பிரான்ஸ் உள்ளிட்ட நேச நாடுகளிடம் தோற்ற பிறகு தொடங்கப்பட்டது. அடுத்த முறை தோற்கக் கூடாது என்ற கவலை இரண்டின் அடித்தளத்திலும் இருந்தது. அவை ஒரே பாடத்திட்டத்தில் கையெழுத்திடும் நிலைக்கு எப்படி வந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தலைவர்களின் நட்பு அறிக்கைகள் அதற்கு வாசலைத் திறந்தன. ஆனால் மதிப்பெண், பருவம், மொழி, செலவு ஆகியவற்றைப் பற்றிய பொறுமையான நிர்வாக ஏற்பாடுகளே காரியத்தை முடித்தன என்பது என் வாதம்.

1871க்குப் பின் பாரிஸ்

1870 செப்டம்பரில் செடான் களத்தில் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார். மறு ஆண்டு மே மாதம் பிராங்க்பர்ட் உடன்படிக்கையில் அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் பிரான்சின் கையைவிட்டுப் போயின. ஜெர்மானியரின் பீரங்கியைவிட அவர்களுடைய பல்கலைக்கழகமே தங்களைத் தோற்கடித்தது என்ற எண்ணம் பிரெஞ்சுப் படித்த வர்க்கத்தில் பரவலாக இருந்தது. அந்த எண்ணத்தின் குழந்தைதான் எமில் பூத்மி 1872இல் தொடங்கிய சுதந்திர அரசியல் அறிவியல் பள்ளி. அரசின் காசை எதிர்பாராத தனியார் பள்ளி அது; ஆனால் அதன் நோக்கம் அரசுக்கு ஆள் தயாரிப்பது. சில பத்தாண்டுகளில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் நுழைவுத் தேர்வில் வென்றவர்களில் பெரும்பாலோர் அதன் மாணவர்களாக இருந்தார்கள்.

அங்கே ராஜதந்திர வரலாறு கற்பித்த ஆல்பேர் சொரெல், பிரான்சு–ஜெர்மனி போரின் ராஜதந்திர வரலாற்றை 1875இலேயே நூலாக எழுதி முடித்தார். போர் முடிந்து நான்கே ஆண்டுகள். காயம் ஆறும் முன் அதைப் பாடமாக்கிய துணிவு அது. ஆனால் அந்தப் பாடம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பறையில் எதிராளி பொருளாக இருந்தார், பேசுகிறவராக இல்லை.

1918க்குப் பின் பெர்லின்

அரை நூற்றாண்டு கழித்து நிலைமை திரும்பியது. 1920 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மன் அரசியல் உயர்பள்ளி திறக்கப்பட்டது. அதற்கான விதையை ஊன்றிய பிரீட்ரிஷ் நவ்மன் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். எர்ன்ஸ்ட் யேக் முன்னின்று நடத்தினார். தியோடர் ஹாய்ஸ் பாடத்திட்டத்தைக் கவனித்தார். பின்னாளில், 1949இல், மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரானவர் இவரே. தோல்விக்குப் பின் பாரிஸ் செய்ததையே பெர்லினும் செய்ய வேண்டும் என்று நிறுவனர்கள் கருதினார்கள். அதாவது, பகைவரிடமிருந்து கற்றுப் பகைவரை மிஞ்சுவது. கட்டடக் கலைஞர் ஷிங்கெல் எழுப்பிய கட்டடக்கலைக் கழக மாளிகையில் வகுப்புகள் நடந்தன. வேலைக்குப் போகிறவர்களும் வந்து கேட்டார்கள். குடியரசுக்கு ஏற்ற குடிமக்களை உருவாக்குவது அதன் கனவு.

அந்தக் கனவு 13 ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1933இல் நாஜிகள் பள்ளியைக் கைப்பற்றினார்கள். இயக்குநராக இருந்த ஆர்னல்ட் வோல்பர்ஸ் அமெரிக்காவுக்குப் போய் யேல் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுத் துறையின் முக்கிய அறிஞரானார்.

அந்த ஆண்டுகளில் பெர்லினில் ஓர் இளம் பிரெஞ்சுக்காரர் இருந்தார். ரெமோன் அரோன், கொலோன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்துவிட்டு, 1931 முதல் 1933 வரை பெர்லினில் தங்கி மாக்ஸ் வேபரை ஜெர்மன் மூலத்தில் படித்தார். 1933 மே 10 இரவு பெர்லின் ஒப்பேரா சதுக்கத்தில் புத்தகங்கள் எரிந்ததை நேரில் பார்த்தார். ஜெர்மானியரைப் புரிந்துகொள்ள அவர்களுடைய மொழியில் சிந்திக்க வேண்டும் என்பதையும், புரிந்துகொள்வது அவர்களை மன்னிப்பதாகாது என்பதையும் அந்த இரண்டாண்டுகள் அவருக்குக் கற்றுக்கொடுத்தன. 1962இல் அவர் வெளியிட்ட, நாடுகளுக்கிடையிலான போரையும் அமைதியையும் பற்றிய பெரும் நூல் இத்துறையின் செவ்வியல் நூல்களில் ஒன்று. கூட்டுப் பட்டம் என்ற ஏற்பாடே இல்லாத காலத்தில் அதன் பலனைத் தனி ஒருவராகப் பெற்றவர் அவர். இன்றைய படிப்பு எதைச் சாதிக்க விரும்புகிறது என்று யாராவது கேட்டால் அரோனைத்தான் காட்டுவேன்.

வரலாற்றாசிரியர்களின் மேசை

போருக்குப் பின் பள்ளிகள் இரண்டும் உருமாறின. பாரிஸ் பள்ளி 1945இல் அரசுடைமையாகி இன்றைய சியான்ஸ் போவானது. பெர்லின் பள்ளியை ஓட்டோ சூர் 1949இல் மறுபடி திறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து அது சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் இணைந்து, அவர் பெயரையே தாங்கியது.

இக்காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்வுக்கு வரலாற்று நூல்கள் தரும் இடம் போதாது என்று நினைக்கிறேன். 1951இல் இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் பாடநூல்களில் சர்ச்சைக்குரியவற்றைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். பிரெஞ்சுத் தரப்பில் பியேர் ரெனுவென். 1917 போர்க்களத்தில் இடக்கையை இழந்தவர். ஜெர்மன் தரப்பில் கெர்ஹார்ட் ரிட்டர். ஹிட்லரைக் கொல்ல நடந்த 1944 ஜூலைச் சதியின் பின்விளைவாகச் சிறை சென்றவர். முதல் உலகப் போருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி உட்பட 40 கூற்றுகளை அவர்கள் உடன்பட்டு வெளியிட்டார்கள். உடன்பட முடியாத இடங்களில் வேறுபாட்டையும் எழுதிவைத்தார்கள். ஒரே ஆவணத்தில் இரு தரப்பின் கையெழுத்தும், கருத்து வேறுபாடும் சேர்ந்து நிற்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி. பின்னால் வந்த கூட்டுப் படிப்புகளின் தத்துவம் அங்கேயே முளைவிட்டது.

பிராங்க்பர்ட்டில் பிறந்து, யூதர் என்பதால் 1933இல் எட்டு வயதில் குடும்பத்தோடு பிரான்சுக்குத் தப்பி வந்த அல்பிரட் குரோசே, பல பத்தாண்டுகள் சியான்ஸ் போ மாணவர்களுக்கு ஜெர்மனியை விளக்கினார். 2024இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார். இத்தகைய மனிதர்கள் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் வகுப்பறைக்குள் நுழைந்திருக்காது.

1963: வாக்குறுதியும் முட்டுக்கட்டையும்

1963 ஜனவரி 22 அன்று எலிசே மாளிகையில் பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மன் தலைமை அமைச்சர் அடனவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒருவர் மொழியை மற்றவர் கற்பதையும் பட்டங்களின் சமத்துவத்தை அங்கீகரிப்பதையும் வெளிப்படையாகவே பேசுகிறது. அதே ஆண்டு இளைஞர் அலுவலகம் அமைந்து, லட்சக்கணக்கான பிள்ளைகள் எல்லை தாண்டிப் போய்வர வழி செய்தது. பட்டங்கள் மட்டும் நகரவில்லை.

காரணம் ஜெர்மன் அரசமைப்பில் இருந்தது. கல்வி மாநிலங்களின் அதிகாரம். ஒன்றிய அரசு அதில் வாக்குக் கொடுத்தால் செல்லாது. பாரிஸில் ஒரு கல்வி அமைச்சர் இருந்தார். அவருக்கு எதிரே உட்கார மேற்கு ஜெர்மன் தலைநகர் பானில் யாரும் இல்லை. இதற்காகவே மாநில முதல்வர்களில் ஒருவரைப் பிரான்சுடனான கலாசார விவகாரங்களுக்கு முழு அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக நியமிக்கும் வழக்கம் உருவானது. முதலில் அப்பொறுப்பை ஏற்றவர் பாடன்–வூர்ட்டம்பர்க் முதல்வர் கீசிங்கர். அந்தப் பதவி இன்றுவரை தொடர்கிறது. கூட்டாட்சி நாட்டில் வாழும் நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

படிப்பின் அமைப்பும் பொருந்தவில்லை. பிரெஞ்சு மாணவர் ஆண்டுக்கு ஆண்டு தேர்வெழுதிப் படியேறினார். ஜெர்மன் மாணவர் நாலரை, ஐந்து ஆண்டுகள் ஒரே நீட்டாகப் படித்து இறுதியில் பட்டம் பெற்றார். நடுவில் நிறுத்தினால் கையில் ஒன்றுமில்லை. பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி, 16 எடுத்தால் அது அரிய மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை. பாரிஸில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கி டிசம்பரில் தேர்வு. பெர்லினில் குளிர்காலப் பருவம் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும்.

இவற்றைவிட ஆழமான வேறுபாடு எழுதும் முறையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. சியான்ஸ் போவில் மாணவர் எழுந்து பத்து நிமிடம் பேச வேண்டும். விஷயம் எதுவானாலும் அதை ஒரு கேள்வியாகச் சுருக்கி, இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெர்லினில் அதே விஷயத்துக்கு விடுமுறை மாதங்களில் 15, 20 பக்கக் கட்டுரை எழுத வேண்டும்: எந்தக் கோட்பாடு, ஏன் அதைத் தேர்ந்தாய், முன்னோர் என்ன சொன்னார்கள் என்று நிறுவிய பிறகே சொந்தக் கருத்துக்கு இடம். ஒருவருக்குச் செறிவும் தீர்ப்பும் வேண்டும். மற்றவருக்கு ஆதாரமும் முறையும். நேட்டோவைப் பற்றியோ ரைன் ஆற்றுப் படுகையைப் பற்றியோ இரு முறையிலும் எழுதிப் பார்த்தவருக்கு, இரு நாட்டு அதிகாரிகளும் பேச்சுவார்த்தை மேசையில் ஏன் அவ்வளவு வேறாகப் பேசுகிறார்கள் என்பது விளங்கிவிடும். சர்வதேச உறவுப் படிப்பில் இது துணைப் பயன் அல்ல, பாடமே இதுதான்.

எல்லையில் கிடைத்த விடை

தீர்வு தலைநகரங்களில் பிறக்கவில்லை, எல்லையில் பிறந்தது. 1920 முதல் 1935 வரை உலக நாடுகள் சங்கத்தின் கீழும், 1945க்குப் பின் பிரெஞ்சுப் பிடியிலும் இருந்தது சார் பகுதி. 1955 வாக்கெடுப்பில், சாருக்குத் தனி ஐரோப்பியத் தகுதி தரும் திட்டத்தை மக்கள் நிராகரித்தார்கள். 1957இல் அது மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. அதன் பல்கலைக்கழகம் 1948இல் நான்சி பல்கலைக்கழகத்தின் துணையோடு எழுந்தது. அந்த மண்ணில்தான், 1978இல், சார்ப்ரூக்கனையும் மெட்சையும் இணைத்து, தொழில்நுட்பமும் வணிகமும் கற்பிக்கும் கூட்டு நிறுவனம் தொடங்கியது. பொறியியலில் இணங்குவது எளிது. ராஜதந்திர வரலாற்றில் இணங்குவது கடினம் என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

1987 கார்ல்ஸ்ரூவ உச்சிமாநாட்டில் கூட்டுப் படிப்புகளுக்கு நிதி தரும் உயர்கல்விக் கழகம் ஒன்றுக்கு உடன்பாடு ஏற்பட்டது. 1997 செப்டம்பரில் வைமார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சு–ஜெர்மன் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. 1999இல் அது சார்ப்ரூக்கனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. அதற்குச் சொந்த வகுப்பறை கிடையாது. தலைமைப் பொறுப்பு இரு நாட்டாருக்கும் மாறி மாறிப் போகிறது. செலவை இருவரும் சமமாகத் தாங்குகிறார்கள். மாணவர் படிப்பின் ஏறக்குறைய பாதியை மறுநாட்டில் கழிக்க வேண்டும், அதற்காகப் படிப்புக் காலம் நீளக் கூடாது, இரண்டு பட்டங்களும் கிடைக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். மறுநாட்டில் இருக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. இன்று சுமார் 6,000 மாணவர்கள் இந்த வலைப்பின்னலில் படிக்கிறார்கள்.

அதே வேளையில் ஐரோப்பியக் கல்வி அமைச்சர்களின் 1998 சோர்போன் அறிவிப்பும் 1999 பொலோஞா அறிவிப்பும் மூன்றாண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை என்ற அமைப்பைக் கொண்டுவந்தன. பழைய முட்டுக்கட்டைகளில் பாதி அதனால் விலகின. 2000இல் சியான்ஸ் போ நான்சியில் பிரெஞ்சு–ஜெர்மன் வளாகத்தைத் திறந்தது. லீல் நகரின் அரசியல் அறிவியல் நிறுவனம் மியூன்ஸ்டரோடும், போர்தோ நகரினுடையது ஸ்டுட்கார்ட்டோடும் கைகோத்தன. பாரிஸ்–பெர்லின் இணைப்பு இந்த வரிசையில் வந்ததே.

இன்றைய சோதனை

கூட்டுப் பட்டம் அரசியலிலிருந்து விலகி நிற்கும் தீவு அல்ல. பெர்லின் பல்கலைக்கழகங்கள் மாஸ்கோவின் சர்வதேச உறவுகள் நிறுவனத்தோடும் இரட்டைப் பட்டம் நடத்திவந்தன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஜெர்மன் அறிவியல் அமைப்புகள் ரஷ்ய அரசு நிறுவனங்களோடு உறவை நிறுத்திவைக்கச் சொல்லின. ஒப்பந்தம் இருந்தது, மாணவர் இருந்தார்கள். அரசுகளுக்கிடையே நம்பிக்கை இல்லை. பாரிஸ்–பெர்லின் படிப்புக்கு அடியில் அறுபது ஆண்டு ஒப்பந்தங்களும், வரலாற்றாசிரியர்களின் 40 கூற்றுகளும், 2006 முதல் இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவாக வந்த வரலாற்றுப் பாடநூலும் இருக்கின்றன. மாஸ்கோ படிப்புக்கு அடியில் அத்தகைய எதுவும் இல்லை.

இன்னொரு சோதனை அமைதியானது. பிரான்சில் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளும், ஜெர்மனியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாரிஸில் சர்வதேச விவகாரப் பாடங்கள் பெருமளவு ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆங்கிலம் கதவை உலகத்துக்குத் திறக்கிறது என்பது உண்மை. பிற கண்டங்களிலிருந்து வருபவருக்கு அதுவே வழி. ஆனால் பெர்லினில் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் திரும்பும் பாரிஸ் மாணவர், ஜெர்மன் நாடாளுமன்ற விவாதத்தையோ நாளிதழ்த் தலையங்கத்தையோ மூலத்தில் படிக்க மாட்டார். அரோன் பெற்றதை அவர் பெறவில்லை. அந்தப் படிப்புக்குத் தரப்படும் இரண்டாவது பட்டம் வேலைச் சந்தையில் கூடுதல் தாளாக மட்டுமே நிற்கும்.

2019 ஜனவரி 22 அன்று ஆஹன் நகரில் கையெழுத்தான புதிய ஒப்பந்தம் மொழிக் கல்வியையும் கூட்டுப் படிப்புகளையும் மறுபடி வலியுறுத்துகிறது. மறுநாட்டு மொழியில் பயின்று, மறுநாட்டு முறையில் தேர்வெழுத வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கை எண்ணிக்கைக்காகத் தளர்த்தக் கூடாது. சர்வதேச உறவுப் படிப்பில் வேறு எந்த நிபந்தனையையும் விட்டுக்கொடுக்கலாம், இதை விட்டுக்கொடுக்க முடியாது.