வாக்கோடு வந்த ரூபாய்த்தாள்

தேர்தல் களம் செல்வர்க்கு எளிது, இல்லார்க்கு அரிது. ஊர்தி, சுவரொட்டி, ஒலிபெருக்கி என ஒவ்வொன்றும் பணம் கேட்கும். பணம் ஈந்தவனோ, வென்றவனைப் பின்னர்த் தன் ஏவலனாக்கிக்கொள்வான். இத்தளையை ஏழை மக்களின் கூட்டு வலிமையால் அறுக்க முனைந்தவர் கான்ஷிராம்.

பஞ்சாபின் ரோபர் மாவட்டத்தில் 1934 இல் பிறந்த அவர், புனேயில் பாதுகாப்புத்துறை ஆய்வகமொன்றில் பணியாற்றினார். 1960களில் அங்கே அம்பேத்கர், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகள் நீக்கப்பட்டன. அதனை எதிர்த்து முதற்குரல் எழுப்பியவர் தீனாபானா என்னும் கடைநிலை ஊழியர். அவர் தண்டிக்கப்பட்டபோது கான்ஷிராம் உடன்நின்றார். விடுமுறைகள் மீண்டன. பின்னர் அவர் வேலையைத் துறந்து பொதுப்பணியில் இறங்கினார்.

ஒடுக்கப்பட்ட மக்களிடம் ஆலையும் இல்லை, நிலமும் இல்லை. எனினும் இடஒதுக்கீட்டினால் கல்வியும் அரசுப்பணியும் பெற்றோர் உளர். அவர்தம் ஊதியத்திலும் நேரத்திலும் அறிவிலும் ஒரு பங்கு, தம்மை ஆளாக்கிய சமுதாயத்திற்குத் திரும்ப வேண்டும் என்றார் அவர். அதற்கெனவே அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளாகிய டிசம்பர் 6 அன்று, 1978 இல், 'பாம்செப்' தோன்றியது. அரசு ஊழியர் அரசியலில் ஈடுபட விதிகள் இடந்தரா; ஆகவே 1981 இல் 'டி.எஸ்.4' என்னும் போராட்ட அமைப்பும், 1984 ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சியும் எழுந்தன. தொண்டர்களின் ஊர்தி மிதிவண்டியே.

1988 இல் அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி.சிங்கை எதிர்த்து அவர் நின்றார். 'ஒரு வாக்கு, ஒரு ரூபாய்' என்று மக்களிடம் கேட்டார். வாக்காளர்க்குப் பணம் கொடுப்போர் நடுவே, வாக்காளரிடமே பணம் கேட்டமை புதுமை. தன் கைக்காசைத் தந்தவன் வாக்கை விற்பானோ? தேர்தலில் அவர் மூன்றாமிடமே பெற்றார். ஆயினும் இயக்கம் வேரூன்றிற்று. 1995 இல் மாயாவதி உத்தரப்பிரதேச முதல்வரானார். 2007 இல் 403 இடங்களுள் 206 வென்று கட்சி தனித்து ஆட்சி அமைத்தது.

பிற்காலத்தில், பணம் பெற்றே வேட்பாளர்க்கு இடமளிக்கிறது என்னும் குற்றச்சாட்டு அக்கட்சி மீதே எழுந்தது. கட்சி அதனை மறுத்தது. 2022 இல் அது வென்றது ஓரிடமே. சரிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒரு பாடம் தெளிவு. அடித்தளப் பணி ஒருமுறை செய்து முடித்துவிடும் பணியன்று. தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

கல்விச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். நம் உதவியால் பட்டம் பெற்ற இளைஞர் ஒவ்வொருவரும் தம் முதல் ஊதியம் கைக்கு வரும் நாளில், தாம் திருப்பித்தர வேண்டிய பங்கு எதுவென எண்ணிப்பார்ப்பாராக. அப்பங்கு சேருமிடத்தில் எந்தச் செல்வனின் தயவும் நமக்கு வேண்டுவதில்லை.