அலுவலகம் முடிந்த பிறகு: மலாயாவில் யாழ்ப்பாண எழுத்தர்களின் சங்க வாழ்க்கை, 1890–1957

மலாயாவின் உயர் ஆட்சிப் பணிக்கு விண்ணப்பிப்பவர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1904இல் வந்தது. 1910இல் மலாய்க்காரருக்கென்று தனி நிர்வாகப் பணிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. இந்த இரண்டு வாசல்களுக்கும் வெளியே நின்றவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து போன எழுத்தர்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், கணக்குத் தெரியும், எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது துரையைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தலைமை எழுத்தர் நாற்காலிக்கு மேல் அவர்களுக்குப் படி இல்லை.

மலாயாவின் இலங்கைத் தமிழர் சங்கங்களை ஊர்ப்பற்றின், சமயப்பற்றின் விளைவாகக் காட்டுவதே வழக்கம். அது பாதி விளக்கம்தான். ஊர்ப்பற்று இருந்த வேறு பல குடியேறிகள் இத்தனை தலைவர்களையும் செயலாளர்களையும் கணக்காய்வாளர்களையும் உண்டாக்கவில்லை. பகலில் அடைபட்ட பதவி ஏணியை இந்த எழுத்தர்கள் மாலையில் தாங்களே கட்டிக்கொண்டார்கள் என்பதும், அலுவலகத்தில் கற்ற தொழிலே அவர்களுடைய கோயிலுக்கும் விளையாட்டுக்கும் சேமிப்புக்கும் உருவம் கொடுத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எழுத்தர்கள் உருவான விதம்

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரி 1855 வரை நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். மிஷனரிகளுக்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் சைவர்களும் ஆங்கிலக் கல்லூரி நடத்த முன்வந்தார்கள். சமயப் போட்டி பள்ளிகளைப் பெருக்கியது. குடாநாட்டின் செம்மண்ணோ பெருகவில்லை. கிணற்று நீரை நம்பிய சிறு துண்டு நிலங்களில் புகையிலை பயிரிட்ட குடும்பத்தில் மூன்று பையன்கள் ஆங்கிலம் படித்தால், ஒருவனுக்குத் தோட்டம், ஒருவனுக்குக் கொழும்பு உத்தியோகம். மூன்றாமவனுக்குக் கப்பல்.

அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த கரையில் ஈயமும், பிறகு ரப்பரும் அரசாங்கத்தை விரிவாக்கிக்கொண்டிருந்தன. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் 1885இல் ஓடியது. பாதை போடும் வேலைக்கு இலங்கையிலிருந்து முன்னோடிப் படைப்பிரிவினர் கொண்டுவரப்பட்டனர். இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1890களின் தொடக்கத்தில் சிலாங்கூரின் பொறியாளராக வந்து, 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குப் பொது மேலாளரானார். யாழ்ப்பாணத்து எழுத்தர்களின் வேலைத்திறனை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். ஆளும் அங்கிருந்தே எடுத்தார். அதன்பிறகு ஆள் பிடிக்கும் வேலையை அரசாங்கம் செய்யத் தேவைப்படவில்லை. அண்ணன் தம்பிக்கும், மாமன் மருமகனுக்கும் கடிதம் எழுதினார்கள். 1905இல் காங்கேசன்துறை வரை ரயில் வந்ததும் கொழும்புத் துறைமுகம் எட்டும் தூரமாயிற்று. ரயில் நிலையங்கள், தபால் கந்தோர்கள், திறைசேரி, நில அளவைத் திணைக்களம், ஆஸ்பத்திரி என்று எங்கும் யாழ்ப்பாணத்துக் கையெழுத்து படிந்தது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் அவர்களுடைய குடியிருப்புகளாயின.

கூட்டக் குறிப்பால் நடந்த கோயில்

சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1900இலும், சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1910இலும் தோன்றின. பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமம் 1904இல் எழுந்தது. அதே வட்டாரத்தில், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவான கந்தசுவாமி கோயில் என் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று.

அதன் முன்மாதிரி நல்லூர்க் கந்தசுவாமி கோயில். வழிபாட்டு முறையிலும் திருவிழாவிலும் ஒழுங்கிலும் நல்லூரின் சாயல் இருக்க வேண்டும் என்று கட்டியவர்கள் விரும்பினார்கள். நிர்வாகத்தில் மட்டும் அதை அவர்கள் பின்பற்றவில்லை. நல்லூர்க் கோயில் மாப்பாண முதலியார் குடும்பத்தின் பரம்பரைப் பொறுப்பில் இருப்பது. கோலாலம்பூர்க் கோயிலை நடத்தியதோ சந்தா கட்டும் உறுப்பினர்களைக் கொண்ட சைவர் சங்கம். ஊரில் திருவிழா உபயம் இன்ன குடும்பத்துக்கு என்பது தலைமுறை உரிமை. இங்கே அது செயற்குழு தீர்மானிக்கும் விஷயம். சிங்கப்பூரில் செண்பக விநாயகர் கோயிலின் நிர்வாகம் 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்திடம் வந்ததையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சனநாயகம் என்று உடனே கொண்டாடிவிட நான் தயங்குகிறேன். உறுப்பினர் தகுதியே ஒரு வேலியாக இருந்தது. ஆனாலும் மாற்றம் சிறியதல்ல. கோயில் வரவுசெலவு ஆண்டுக்கொருமுறை கணக்காய்வுக்கு உட்பட வேண்டும், முந்தைய கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்ற பிறகே அடுத்த விஷயத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஆகமத்திலிருந்து வந்ததல்ல. அது அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தது. பகலில் துரைக்குக் குறிப்பெழுதிய கை மாலையில் முருகனுக்கு எழுதியது. காலையில் கையெழுத்துக்காக நின்றவர் மாலையில் தலைவர் நாற்காலியில் அமர்ந்து பிறர் கையெழுத்தைச் சரிபார்த்தார். அந்த நாற்காலிக்காக நடந்த சண்டைகளைச் சிறுமைத்தனம் என்று ஒதுக்குவோர் உண்டு. வேறெந்த நாற்காலியும் கிடைக்காதவர்கள் போட்ட சண்டை அது என்பதை மறந்துவிட முடியாது.

கடன், பந்து, புத்தகம்

மாதச் சம்பளக்காரனுக்கு மலாயாவில் கடன் எளிதாகக் கிடைத்தது. அதிலிருந்து மீள்வதுதான் கடினம். ஊருக்கு மணியார்டர், தங்கைக்குச் சீதனம், தம்பியின் பள்ளிக் கட்டணம், குவாட்டர்ஸில் கௌரவமான வாழ்க்கை என்று எல்லாவற்றுக்கும் ஒரே சம்பளம். வட்டிக்கடைக்குப் போன எழுத்தரின் வாழ்க்கை அரசாங்கத்தையே கவலைப்பட வைத்தது. 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் தபால் தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம் நாட்டின் முதல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாயிற்று. அதில் எல்லா இனத்தவரும் இருந்தனர். யாழ்ப்பாணத்தவர் தமக்கென்று தனியாக ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் 1920களிலேயே அமைத்துக்கொண்டார்கள். பேரேடு எழுதத் தெரிந்த கூட்டத்துக்கு இது சொந்த வீட்டு வேலை மாதிரிதான். மற்றச் சங்கங்கள் மரியாதையைத் தந்தன. இந்த ஒன்று அடுப்பை எரிய வைத்தது. ஆய்வாளர்கள் கோயில்களுக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

விளையாட்டு வேறு வழியில் வேலை செய்தது. ஐரோப்பியரின் கிளப்புகளில் இவர்களுக்கு இடமில்லை. கோலாலம்பூரில் 1914இல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கமும், சிங்கப்பூரில் 1928இல் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் தொடங்கின. கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இவர்களின் அணிகள் மற்ற இனத்தவரின் அணிகளோடு மோதின. கந்தோரில் நிமிர்ந்து பார்க்க முடியாத துரையை ஆடுகளத்தில் ஆட்டமிழக்கச் செய்யலாம் என்பதில் இருந்த சுகத்தைக் கூட்டக் குறிப்புகள் எழுதுவதில்லை.

விசுவாசமும் சந்தாவாகவே வெளிப்பட்டது. முதல் உலகப் போரில் மலாயாவின் யாழ்ப்பாணத் தமிழர் பணம் திரட்டி பிரிட்டிஷ் படைக்கு ஒரு விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பெயர் ‘தி ஜாஃப்னா’. அதிகாரியாக ஏற்றுக்கொள்ளாத அரசாங்கத்துக்கு விமானம் வாங்கிக் கொடுத்ததை அடிமைப்புத்தி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒரு விண்ணப்பக் கடிதமாகத் தெரிகிறது, எழுத்தர்களுக்கே உரிய முறையில்.

வந்த நாட்டைத் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இந்த வர்க்கத்தில் இருந்தது. அதற்கு நல்ல சாட்சி ச. துரைராஜசிங்கம். தொழிலால் பள்ளி ஆசிரியர், குவாந்தானில் பணியாற்றியவர். மலாயாவின் தெருப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி பற்றிய செய்திகளைச் சேகரிப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1867 முதல் 1967 வரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இலங்கையரின் நூறாண்டு வரலாற்றைத் தொகுத்தவரும் அவரே. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை ஓய்வுநேரத்தில் ஒருவர் செய்து முடித்தார். அந்தத் தொகுப்பில் தனிமனிதர்களின் பதவிகளும் பட்டங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் குறையாகச் சொல்வார்கள். எழுத்தர் சமூகத்தின் வரலாறு சேவைக்குறிப்பேட்டைப் போலத்தானே இருக்கும்!

வேலியும் வாசலும்

தோட்டங்களில் பால்வெட்டிய தமிழரும் தமிழ்தான் பேசினார்கள். அவர்களுக்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் இடையே இருந்த தூரத்தை மொழி குறைக்கவில்லை. தோட்டத்தில் இருவரும் சந்தித்த இடம் பெரும்பாலும் கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தரின் மேசை. ஒருவர் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் எழுதுபவர், மற்றவர் எழுதப்படுபவர். குடிக்கணக்கெடுப்பிலும் இலங்கைத் தமிழர் தனி வகை. தங்களை இந்தியரோடு சேர்க்கக் கூடாது என்பதில் சங்கங்கள் கவனமாக இருந்தன. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ சாதி ஒழிப்பையும் தமிழர் ஒற்றுமையையும் பேசிய காலத்தில், யாழ்ப்பாணத்தவர் தங்கள் சாதி ஒழுங்கையும் ஊர்ச் சம்பந்தங்களையும் கலையாமல் வைத்துக்கொள்ள முயன்றனர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரிலிருந்தே வந்தார்கள். உழைப்பின் இறுதிப் பலனும் ஊருக்கே போயிற்று: ஓய்வூதியத்தோடு திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ கட்டிய கல்வீடுகள் குடாநாட்டின் கிராமங்களை மாற்றின. ஈழத் தமிழரின் பெருந்தலைவராகப் பின்னாளில் அறியப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகம் 1898இல் பிறந்தது ஈப்போவில் என்பதை இந்தப் போக்குவரத்தின் அளவுக்கு அடையாளமாகக் கொள்ளலாம்.

1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்தபோது அரசாங்கம் ஆட்குறைப்பில் இறங்கியது. எழுத்தர்களை வெட்டுவது எளிதாக இருந்தது. ஜப்பானிய ஆட்சி 1942இல் வந்ததும் பிரிட்டிஷ் ஓய்வூதியமும் சம்பளமும் ஒருசேர நின்றன. ஊரோடு கடிதத் தொடர்பு அறுந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழரோடு ஒப்பிட்டால் இவர்களின் துன்பம் குறைவே. ஆனால் அரசாங்க உத்தியோகம் என்றால் நிரந்தரம் என்ற நம்பிக்கை அந்த மூன்றரை ஆண்டுகளில் உடைந்தது. போருக்குப் பின் பிள்ளைகளை எழுத்தராக்க விரும்பிய பெற்றோர் குறைவு. மருத்துவம், சட்டம், பொறியியல் என்றே பேச்சு.

1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, எங்கே குடியுரிமை எடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. 1958இல் எம். டபிள்யூ. நவரத்தினம் தலைமையில் இலங்கையருக்கான அரசியல் கட்சி உருவானது. தேர்தலில் எண்ணிக்கைதான் பேசும். சிறுபான்மைக்குள் சிறுபான்மையான இவர்களால் அங்கே பெரிதாக எதையும் சாதிக்க முடியவில்லை. 1967இல் மலாய் ஒரே ஆட்சிமொழியானபோது, எழுத்தரின் ஆங்கிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பும் சரிந்தது. அந்த எழுத்தர்கள் தங்களுக்காகத் தொடங்கிய கோயில்களும் கிளப்புகளும் கூட்டுறவுச் சங்கமும் இன்றும் நடக்கின்றன. உறுப்பினர் பட்டியலில் எழுத்தர்களைத் தேடினால் கிடைப்பது அரிது.