இயற்பெயரும் மாறியும்: பொருள் பெறும் முறை குறித்த கோட்பாடுகளின் வரலாறு (1843–1980)

ஆய்வுச் சுருக்கம்

மொழி மெய்யியலில் இயற்பெயர்க் கோட்பாட்டின் வரலாறு பெரும்பாலும் மில், ஃபிரேக, ரஸ்ஸல், கிரிப்கி என்ற வரிசையிலேயே எழுதப்படுகிறது. அளவையியலில் வழங்கும் 'மாறி' என்னும் குறியின் வரலாறு அதில் தனித்துப் பேசப்படுவதில்லை. அதனையும் உடன்வைத்து நோக்கினால், ஒரு பெயர் வாக்கியத்திற்கு எதைத் தருகிறது, அதனை அப்பெயர் எவ்வாறு பெற்றது என்னும் இரு வினாக்கள் தனித்தனியே புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. இயற்பெயர்: இடுகுறியும் வருணனையும்

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில், இயற்பெயர் ஒரு பொருளைச் சுட்டுமே அன்றி அதன் பண்பு எதனையும் உணர்த்தாது என்றார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்ததால் டார்ட்மத் எனப் பெயர்பெற்ற ஊர், ஆறு திசைமாறினும் அப்பெயராலேயே அழைக்கப்படும் என்பது அவர் காட்டிய சான்று. நம் இலக்கணச் சொற்களால் கூறின், காரணம் பற்றி இட்ட பெயரும் வழக்கில் இடுகுறிபோல் நிற்கிறது.

இதற்கு இடர் தந்தவர் கோட்லோப் ஃபிரேக. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள். எனினும் 'விடிவெள்ளி விடிவெள்ளியே' என்பது ஆராயாமலே அறியத்தக்கது. 'விடிவெள்ளியே அந்திவெள்ளி' என்பது வானியல் கண்டறிந்த உண்மை. ஆகவே சுட்டப்படும் பொருளுடன், அது நமக்குத் தோன்றும் முறையும் பெயரின் பொருண்மையில் அடங்கும் என 1892இல் வாதிட்டார். வழக்கிலுள்ள பெயர்களுள் பெரும்பாலானவை சுருக்கப்பட்ட வருணனைகளே எனப் பின்னர் ரஸ்ஸல் கொண்டார்.

2. மாறி: நிலையற்ற பொருளா, மதிப்பேற்கும் இடமா?

இதே காலத்தில் மாறியும் விவாதத்திற்கு உள்ளானது. மாறி என்பது 'மாறிக்கொண்டிருக்கும் எண்ணின்' பெயர் எனக் கணித நூலார் சிலர் எழுதிவந்தனர். மாறும் எண், வரையறுக்கப்படாத எண் என ஒன்றில்லை என்று ஃபிரேக 1904இல் மறுத்தார். மறுஆண்டு ரஸ்ஸல், வருணனைத் தொடர்களை மாறிகள் அமைந்த வாக்கியங்களாகப் பிரித்துக் காட்டியபோது, மாறியை அடிப்படைக் கருத்தாகவே ஏற்றுக்கொண்டார். பெயரின் சுமை மாறியின்மேல் ஏற்றப்பட்டது. மாறி எவ்வாறு பொருள் பெறுகிறது என்ற வினாவோ எஞ்சி நின்றது.

அதற்குத் துல்லியமான விடையளித்தது ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933இல் போலிய மொழியில் வெளியிட்ட ஆய்வு. 'க என்பது 3ஐவிடப் பெரியது' என்னும் தொடர் தன்னளவில் மெய்யுமன்று, பொய்யுமன்று. 'க'வுக்கு 5ஐ மதிப்பாக அளித்தால் அது நிறைவுறும். 2ஐ அளித்தால் நிறைவுறாது. இங்கு மாறி தன் மதிப்பை வருணிப்பதில்லை. ஒதுக்கப்பட்ட பொருளை அவ்வாறே ஏற்கிறது. மில் பெயருக்குக் கூறிய வருணனையற்ற சுட்டல் மாறியிடம் தெளிவான வடிவம் பெற்றது எனலாம்.

3. கிரிப்கியிடம் இரு வரலாறுகளும் இணைதல்

சால் கிரிப்கி 1963இல் வெளியிட்ட கட்டுரை, 'இயலும்', 'கட்டாயம்' என்னும் கருத்துகளுக்குரிய அளவையியலை, உலகம் இருந்திருக்கக்கூடிய பல நிலைகளைக் கொண்டு விளக்கியது. அக்கட்டுரையின் குறிமொழியில் மாறிகள் உண்டு; இயற்பெயர்க் குறிகள் இல்லை. மாறிக்கு ஒதுக்கிய பொருள் எல்லா நிலைகளிலும் அதுவேயாக நிற்கும். பயனிலைகள் பொருந்தும் பொருள்களே நிலைக்கு நிலை வேறுபடும்.

1970 ஜனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1972இல் அச்சாகி, 1980இல் தனிநூலாயின. அரிஸ்டாட்டில் மெய்யியலில் ஈடுபடாதிருந்திருக்கலாம் என்கையிலும் நாம் அவரைப் பற்றியே பேசுகிறோம். ஆகவே பெயர் எந்நிலையிலும் ஒருவரையே உறுதியாகச் சுட்டும் என்றார். 1963இல் மாறிக்கு இருந்த இயல்பே இங்குப் பெயருக்குரியதாகிறது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மாறியின் மதிப்பு ஒதுக்கீட்டால் அமைவது. ஒதுக்கீடு மாறின் மதிப்பும் மாறும். பெயரோ முதலில் ஒருவருக்கு இடப்பட்டு, பேசுவோரிடமிருந்து பேசுவோருக்குத் தொடர்ந்து வருவதால் தன் பொருளைப் பெறுகிறது என்பது கிரிப்கி தந்த சித்திரம்.

முடிவுரை

வாக்கியத்திற்குத் தருவது எது என்ற வினாவில் பெயரும் மாறியும் நெருங்குகின்றன. பெற்றது எவ்வாறு என்ற வினாவில் பிரிகின்றன. முதல் வினாவுக்கு விடைகாண மாறியின் வரலாறு துணைநிற்கிறது. இரண்டாவது வினா, மொழியைப் பேசும் சமூகத்தின் வரலாற்றை வேண்டி நிற்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், பெயர் வருணனையன்று எனக் காட்டியதையே பெயர் பொருள்பெறும் முறையை விளக்கியதாகக் கருதிவிடும் பிழை நேரும். ஃபிரேக எழுப்பிய விடிவெள்ளிச் சிக்கலும் அதனால் தீர்ந்துவிடவில்லை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.