பனிக்கடியில் பாறை அரிக்கும் சிற்றுயிர்கள்

கோமுகத்தில் பாகீரதி வெளிப்படும் இடத்தைக் கண்டவர்கள், அந்நீர் பளிங்குபோல் தெளிந்திராமல் சாம்பல் நிறமாய்க் கலங்கி ஓடுவதை அறிவார்கள். பனியாறு தன் பளுவினால் பாறையை அரைத்து மாவாக்கி நீரோடு அனுப்புகிறது. அத்திரிகை பனிக்கட்டியும் அதில் பதிந்த கற்களுமே என்பது நெடுநாளாய்த் தெரிந்த செய்தி. அரைத்த மாவைக் கரைப்பவர் யார் என்ற வினாவுக்கோ, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் விடை கிடைத்தது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஸ்விட்ஸர்லாந்தின் வாலே மாநிலத்தில் வாழ்ந்த பெரோதான் என்னும் மலைவேட்டைக்காரர், பள்ளத்தாக்கில் கிடக்கும் பெரும்பாறைகள் முற்காலப் பனியாறுகள் கொணர்ந்தவையே என்று 1815-இல் ஷார்ப்பான்ட்டியே என்ற அறிஞரிடம் கூறினார். அறிஞர் முதலில் நம்பவில்லை. 1837-இல் லூயி அகாசி பனியூழிக் கொள்கையைப் பலரறிய எடுத்துரைத்த பின்னரே அக்கருத்து உலகைச் சுற்றியது. எனினும், பனிக்கடியில் நிகழ்வதெல்லாம் உயிரற்ற பௌதிக, ரசாயனச் செயல்களே என்ற எண்ணம் மாறவில்லை. ஒளியும் வெப்பமும் எட்டாத இடத்தில் உயிருக்கு என்ன வேலை என்றே எவரும் கருதினர்.

விடைக்கு வேண்டிய விதை வேறிடத்தில் முளைத்தது. சூரிய ஒளியின்றியே கந்தகப் பொருளிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியா உண்டென 1887-இல் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி காட்டினார். 1947-இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் புளித்த நீரில் இரும்பை உண்டு வாழும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. கல்லையே உணவாகக் கொள்ளும் உயிர்கள் உண்டு என்பது இவற்றால் தெளிவாயிற்று.

1999-இல் மார்ட்டின் ஷார்ப்பும் அவர்தம் குழுவினரும் அதே வாலே மாநிலத்து அரோலா முதலிய பனியாறுகளின் அடிநீரையும் அடிப்பனியையும் சோதித்தனர். வண்டல் மிகுந்த இடத்தில் பாக்டீரியாவும் மிகுந்திருந்தது. அவற்றுள் நூற்றுக்கு 5 முதல் 24 வரை பிளவுற்றுப் பெருகும் நிலையிலோ, அப்போதுதான் பிளவுற்ற நிலையிலோ இருந்தன. உறைந்து கிடக்கும் பிணங்கள் பெருகுமோ? அவை உழைத்துக்கொண்டிருந்தன என்பதே பொருள்.

அவ்வுழைப்பு எத்தகையது? பாறை மாவில் பைரைட் என்னும், இரும்பும் கந்தகமும் கூடிய கனிமம் உண்டு. பாக்டீரியா அதனைப் பிராணவாயுவுடன் சேர்த்து ஆற்றல் பெறுகையில் கந்தக அமிலம் பிறக்கிறது. அவ்வமிலம் சுண்ணாம்புக் கனிமங்களைக் கரைக்கிறது. அரோலாவின் அடிநீரிலோ, கரைந்த பிராணவாயுவால் மட்டும் விளக்கவியலாத அளவு சல்பேட் இருந்தது. பிராணவாயு தீர்ந்த பின்னும் இரும்பின் துணைகொண்டு இவ்வேலை நடைபெறுகிறது என அறிஞர் 2002-இல் விளக்கினர்.

இது அல்ப்ஸ் மலையோடு நின்றுவிடவில்லை. 2013 ஜனவரியில் அண்டார்டிகாவில் ஏறத்தாழ 800 மீட்டர் பனியைத் துளைத்து வில்லன்ஸ் ஏரியின் நீரை எடுத்தனர். ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 1,30,000 உயிரணுக்கள் இருந்தன.

இதனால் நமக்கென்ன எனலாம். காற்றிலுள்ள கரியமிலவாயு நீரில் கரைந்து சிலிகேட் பாறையைச் சிதைத்தால், அவ்வாயு காற்றிலிருந்து குறைகிறது. கந்தக அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தாலோ, கல்லில் சிறைப்பட்டிருந்த கரியமிலவாயு வெளிப்படுகிறது. ஆகவே, பூமியின் வெப்பக் கணக்கை எழுதுவோர் இச்சிற்றுயிர்களை விட்டுவிட்டு வரவு செலவை முடிக்க இயலாது. பனியாறுகள் சுருங்கிவரும் இந்நாளில், வேட்டைக்காரர் பாறைகளைக் கூர்ந்து பார்த்ததுபோல, கலங்கிய நீரையும் நாம் கூர்ந்து பார்த்தல் வேண்டும்.